நீலம் வெளுக்காத பால்

"இதென்னய்யா, பால்ல ரோஜாப்பூ வாசம்?"

கூட்டுறவுப் பால் சங்கத்துச் செயலாளர் கேனுக்குள் மூக்கை விட்டுக் கேட்டார்.

"சுத்தம் சுத்தம்னு உயிரை வாங்கினீங்களே! மாட்டுக்கு ஷாம்பு போட்டேன். மடிக்கு மட்டும் ரெண்டு தடவை."

"எடுத்துட்டுப் போ!"

பால் கொண்டுவந்தவன் வீட்டுக்குப் போகவில்லை. தெருவைத் தாண்டினான். எதிரே தனியார் பால் கம்பெனி. வெள்ளையாக எது வந்தாலும் வாங்குவார்கள். சுண்ணாம்பு அடித்த சுவர் நடந்து வந்தால் அதற்கும் ரசீது உண்டு.

சீஸ் ஆலைக்காரர்கள் வெள்ளிக்கிழமை சங்கத்துப் பால், கம்பெனிப் பால் இரண்டையும் சோதிக்க வருகிறார்கள். ஒருவருக்குத்தான் ஒப்பந்தம். தவறினால் சங்கத்துக்குப் பூட்டு.

செயலாளர் பலகையில், 'பால் குளிர்ச்சியாக இருக்கட்டும்' என்று எழுதினார். மறுநாள் கேன்களில் ஐஸ்கட்டி மிதந்தது. அத்தனையும் எதிர்ப்பக்கம் போனது. 'கிருமி கூடாது' என்று எழுதினார். பாதி ஊர் பாலைக் காய்ச்சியே கொண்டுவந்துவிட்டது.

"கறந்தபடியே வேணும்யா!"

"கறந்தா கிருமிங்கறீங்க, காய்ச்சினா வேணாங்கறீங்க. மாட்டையே ஓட்டிட்டு வரட்டுமா மாமா?"

அந்தப் பாலும் தெருவைத் தாண்டியது.

வெள்ளிக்கிழமை சங்கத்தில் மிஞ்சியது ஒரே ஒரு கேன். பின்வாசல் வழியாகக் குடையால் முகத்தை மறைத்து வந்து, வாய் திறக்காமல் ஊற்றிவிட்டுப் போகும் ஓர் அம்மாளுடையது. எதிரே டேங்கர் தளும்பி நின்றது.

"ஒத்தைக் கேனை வச்சுக்கிட்டு ஒப்பந்தம் கேக்குது, பாரு!" என்று சிரித்தார் கம்பெனி மேனேஜர்.

ஆலையின் சோதனைக்காரப் பெண் இரண்டு குழாய்ப் பாலிலும் நீலச் சாயம் விட்டாள். கிருமி மிகுந்தால் நீலம் வெளுத்துவிடும். செயலாளர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். டேங்கர் பால், அவர் மூச்சு விடுவதற்குள் வெளுத்தது. ஒற்றைக் கேன் பாலோ, புது மாப்பிள்ளை முறுக்கோடு மத்தியானம் வரை நீலமாகவே நின்றது.

"ஒப்பந்தம் சங்கத்துக்குத்தான்," என்றாள் அவள். "இதே தரத்துல எவ்வளவு வந்தாலும் எடுத்துக்கறோம், நல்ல விலைக்கு."

கேட்டதுதான் தாமதம், ஊரே தெருவைத் திரும்பத் தாண்டியது. ஷாம்புக்காரன்தான் முதலில் வந்தான்.

"நாளையிலேருந்து வெறும் தண்ணியிலேயே கழுவறேன் மாமா!"

செயலாளரைத் தோளில் தூக்கிவிட்டார்கள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார் மேனேஜர்.

"அது எந்த வீட்டு மாடு? சொல்லுங்க! ரெட்டை விலை குடுத்து இப்பவே வாங்கிடறேன்!"

காலிக் கேனை எடுக்க வந்த அம்மாள் குடையை மடக்கினாள்.

"நம்ம வீட்டு மாட்டுக்கு நீங்களே எதுக்குங்க ரெட்டை விலை குடுக்கறீங்க? காலையில நீங்கதானே அதுக்கு வைக்கோல் போட்டீங்க!"