கிள்ளிப் பார்த்த ஃபைல்

ஜெபக்குமார் அந்த ஃபைலைத் திறக்கவில்லை. காலையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

தெரியாத முகவரியிலிருந்து மின்னஞ்சலில் வந்திருந்தது. பெயர் ‘ஆட்குறைப்புப் பட்டியல்’. ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி ஆலையின் அலுவலகத்தில், மீசை கறுப்பாக இருந்த காலத்தில் சேர்ந்தவர் அவர். தெரியாத ஃபைலைத் திறக்கிறவன் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று முதலாளி தங்கப்பாண்டியன் போன வாரம்தான் சொல்லியிருந்தார்.

திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால், வேலை போகப்போகிறதா என்று தெரியாது.

ஜெபக்குமாருக்குச் சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். ஒரு துளி கிள்ளி வாயில் போட்டுப் பார்க்காமல் பால்கோவா வாங்காத ஊர். அந்தத் துளியையும் கூட வந்தவன் வாயில் முதலில் போட்டுப் பார்க்கிறவர் ஜெபக்குமார்.

பையிலிருந்து பென்டிரைவை எடுத்தார். அலுவலகத்தில் பென்டிரைவ்கள் அடிக்கடி காணாமல் போகும். மேலே எழுதிய பெயரைச் சுரண்டிவிடுகிறார்கள் என்று, சொருகினால் திரையில் தெரிகிற மாதிரி உள்ளேயே பெயர் வைத்திருந்தார். ஃபைலை அதில் ஏற்றிக்கொண்டார்.

ஸ்டோர் ரூமில் ஆளில்லை. அங்கிருந்த பழைய கம்ப்யூட்டரில் சொருகித் திறந்தார். திரை இருண்டது. ‘நன்றி’ என்று ஒரு சொல் வந்தது. அதுவும் போய்விட்டது.

ஜெபக்குமார் பென்டிரைவைப் பிடுங்கினார். நன்றி சொல்கிற வைரஸ் உண்டா? ஒருவேளை மிஷின் பழசு என்பதால் பட்டியல் தெரியவில்லையோ?

பேக்கிங் பிரிவின் வெங்கடேஸ்வரி டீ குடிக்கப் போனபோது அவள் மிஷினில் திறந்தார். அதே இருட்டு. அதே நன்றி.

மதியம் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினார். மனைவியின் தம்பி எட்வினுக்கு அங்கே பால்கோவா கடை. பில் போட ஒரு கம்ப்யூட்டர் உண்டு.

“இதுல ஆண்டிவைரஸ் இருக்கா மாப்ளே?”

“இருக்கு அத்தான். உங்க ராஜபாளையத்து நாய் கணக்கா. ஆளு அழகு, மோப்பம் கெடையாது.”

“ஒரு ஃபைலு. நல்லதான்னு பாக்கணும்.”

“அதுக்கு என் கட மிஷினா கெடச்சுச்சு?”

“உங்க கடையிலதான ருசி பாக்க விடுதீங்க.”

நன்றி வந்தது, போனது. இந்த முறை மோப்பம் தெரியாத அந்த ஆண்டிவைரஸ், பில் போடுகிற மென்பொருளையே வைரஸ் என்று தூக்கிவிட்டது. கோயிலுக்கு வந்த கூட்டம் வாசல்வரை நின்றது. எட்வின் அட்டைப் பெட்டியின் மேலேயே கணக்குப் போட ஆரம்பித்தான்.

“செத்த நேரம் இரு மாப்ளே, சரி பண்ணிருதேன்.”

“வேண்டாம் அத்தான். நீங்க கெளம்புங்க. அக்காட்ட பொறவு பேசிக்கிடுதேன்.”

திரும்புகிற வழியிலேயே முதலாளி போனில் கூப்பிட்டார். உடனே வரவேண்டும்.

முதலாளி அறையில் வெங்கடேஸ்வரி கண்கலங்கி நின்றாள். பக்கத்தில் ஸ்டோர் ரூமைப் பார்த்துக்கொள்ளும் பொன்மணி. ஓரமாக, மடிக்கணினியோடு ஒரு பெண்.

“இது மதுரைல இருந்து வந்த கம்ப்யூட்டர் பிள்ள, ஹெப்சிபா” என்றார் முதலாளி. “நம்ம ஆளுக எம்புட்டு சூதானமா இருக்காகன்னு பாக்க, நாங்களே அனுப்பிவிட்ட ஃபைலு அது. யாரு தொறந்தாலும் இந்தப் பிள்ளைக்குத் தகவல் வந்துரும். இவுக ரெண்டு பேரு மிஷின்லயும் தொறந்திருக்கு.”

“சாமி சத்தியமா நான் தொடல முதலாளி” என்றாள் வெங்கடேஸ்வரி. “வீட்டுக்கு அனுப்பிராதீக.”

“மிஷின் பொய் சொல்லுமா? ஜெபக்குமாரப் பாருங்க. அவருக்கும்தான் வந்துச்சு. அவரு மிஷின்ல தொடவே இல்ல. இனிமே கம்ப்யூட்டர் பாதுகாப்புக்கு அவருதான் பொறுப்பு.”

ஜெபக்குமார் வாயைத் திறந்தார். வெங்கடேஸ்வரியின் முகத்தைப் பார்த்தார். முதலாளியின் முகத்தைப் பார்த்தார்.

“எச்சரிக்கை வேணும்லா முதலாளி” என்றார் கடைசியில்.

ஹெப்சிபா மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“சார், ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு பால்கோவா கடை மிஷின்லயும் தொறந்திருக்கு, மூணுலயும் சொருகுனது ஒரே பென்டிரைவ்தான், பேரு ‘ஜெபக்குமாருடையது, எடுக்காதே’ன்னு காட்டுது.”