வயிற்றைக் கட்டிய துறை

எடை அளவைத் துறையின் பணி எளிமையானது, புனிதமானது. கடைக்காரர் ஒரு கிலோ என்று சொல்லிக் கொடுப்பது ஒரு கிலோதானா என்று பார்ப்பது. துறை அதைத் தன்னால் இயன்ற அளவு பார்த்தும் பார்க்காமலும் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தபோது புது இயக்குநர் வந்து சேர்ந்தார்.

முதல் கூட்டத்திலேயே அவர் மேசையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். எல்லோரும் வாட்டசாட்டமான ஆட்கள். யாராவது அசைந்தால் நாற்காலி முனகியது.

"ஊர் எடையைச் சரிபார்க்கிறவங்க நாம. நம்ம எடையை யார் சரிபார்க்கிறது?" என்று கேட்டார்.

யாருக்கும் பதில் தெரியவில்லை. மேலதிகாரி கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாமல் இருப்பதே முறை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இயக்குநர் தன் வயிற்றை மென்மையாகத் தடவிக்கொண்டு அறிவித்தார். அவருடைய இரைப்பையின் கழுத்தில் ஒரு சிலிக்கான் பட்டை மாட்டியிருக்கிறது. அதிலிருந்து ஒரு குழாய் கிளம்பி, தோலுக்கு அடியில் பதித்த சின்னக் குமிழில் முடிகிறது. குமிழில் ஊசி குத்தி உப்புநீர் ஏற்றினால் பட்டை இறுகும், உறிஞ்சினால் தளரும். இறுகினால் கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும். மனிதன் மெலிவான். மெலிந்த மனிதன் நேர்மையாக இருப்பான் என்பது ஆய்வில் தெரியவந்திருக்கிறது. எந்த ஆய்வு என்று யாரும் கேட்கவில்லை.

அன்று மாலையே இயக்குநரைப் பார்த்து நாலைந்து பேர் தங்கள் வயிற்றைத் தடவ ஆரம்பித்துவிட்டார்கள்.

கொஞ்ச நாளில் ஒவ்வொருவராகப் பட்டை மாட்டிக்கொள்ள, துறையின் மதியச் சாப்பாட்டு அறை அடையாளம் தெரியாமல் மாறிப்போனது. அடுக்கு டப்பாக்கள் போய், கண் மருந்து ஊற்றுகிற அளவுக்குச் சின்னச் சின்னக் கிண்ணங்கள் வந்தன. ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும் என்பது விதி. அதனால் மதிய இடைவேளை சாயங்காலம்வரை நீண்டது. வெளியே தராசும் கையுமாக முத்திரைக்குக் காத்திருந்த வியாபாரிகளிடம், "சார் மென்னுக்கிட்டிருக்கார்" என்று சொல்லி அனுப்பினார்கள். பிள்ளைகளின் மார்க்கைப் பற்றிப் பீற்றிக்கொண்டவர்கள் இப்போது, "உங்களுக்கு எவ்வளவு தண்ணி ஏத்தியிருக்கு?" என்று விசாரித்துக்கொண்டார்கள். குறைவாகச் சொன்னவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

இந்தப் பெருமை எதிலும் சேராமல் ஒதுங்கி நின்றவர் ஒருவர்தான். தராசுப் பிரிவின் கண்காணிப்பாளர். ஆபீஸில் அவருக்குப் பீப்பாய் என்று பெயர். அவர் காதுபடவே சொல்வார்கள், அவரும் சிரித்துவைப்பார். சாப்பாடு என்றால் அவருக்கு உயிர். ஆனால் இப்போது சாப்பாட்டு அறையில் அவர் டப்பாவைத் திறந்தால் மற்றவர்கள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கூட்டங்களில் அவருக்குத் தூணுக்குப் பின்னால் இடம் போட்டார்கள்.

ஒருநாள் வீட்டுக்கு வந்து, தானும் பட்டை போட்டுக்கொள்ளப்போகிற விஷயத்தை மனைவியிடம் மெதுவாக அவிழ்த்தார்.

"எங்கப்பா வாயைக் கட்டி வயித்தைக் கட்டி எங்களை ஆளாக்குனாரு. அவருக்கு எந்தப் பட்டையும் தேவைப்படல" என்றாள் அவள்.

"இது விஞ்ஞானம்மா."

"பட்டினி கிடக்கறதுக்குமா விஞ்ஞானம்? உங்க டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னாரா?"

"இயக்குநர் சொன்னாரு."

"அவர் என்ன டாக்டரா?"

"டாக்டருக்கும் மேல. எங்க துறை டாக்டருக்கே அவர்தான் லீவு குடுக்கறாரு."

இதற்கு மேல் பேசியும் பயனில்லை என்பது கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குத் தெரியும்.

ஊரில் பேர்போன ஒரு டாக்டரிடம் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. செலவைத் துறையே ஏற்றதால் பட்டையும் துறையின் உடைமை ஆயிற்று. சாதனப் பராமரிப்பு அலுவலர் வீட்டுக்கே வந்தார். துறையின் கருவி எதுவானாலும் அதன்மேல் முத்திரை குத்தியாக வேண்டும் என்று அடம்பிடித்தார். அது வயிற்றுக்குள் இருக்கிறது என்று விளக்கியதும், தோலுக்கு அடியில் தட்டுப்பட்ட குமிழை விரலால் அழுத்திப் பார்த்து, "கருவி இருக்கிறது" என்று உரக்கச் சொல்லிவிட்டுப் போனார். துறைக்கு வெளியே யாரும் அதைத் தொடக்கூடாது என்றும் எச்சரித்தார்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. கண்காணிப்பாளர் இளைத்தார். பேன்ட் நழுவியது. பீப்பாய் என்று கூப்பிட்டவர்கள் "சார்" என்றார்கள். தூணுக்கு முன்னால் நாற்காலி வந்தது. அந்த நாற்காலியின் ருசி பிடித்துப்போய், துறை மருத்துவரிடம் சொல்லி இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார். அப்புறம் இன்னும் கொஞ்சம்.

ஒருநாள் காலையில் ரொட்டித் துண்டு ஒன்று நெஞ்சில் நின்றது. தண்ணீர் குடித்தார். தண்ணீரும் ரொட்டியும் சேர்ந்து திரும்பி வந்தன. மதியம் சூப் திரும்பி வந்தது. மறுநாள் வெறும் தண்ணீரே போன வேகத்தில் திரும்பி வந்தது. படுத்தால் தொண்டைவரை புளித்து எரிந்தது. எச்சில் விழுங்கக்கூடப் பயந்து, கைக்குட்டையில் துப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்கள் குழிவிழுந்தன. உதடு வெடித்தது.

"என்னா முகக்களை!" என்றார்கள் ஆபீஸில்.

துறை மருத்துவரிடம் போனார். மருத்துவர் அவர் நாக்கைப் பார்த்தார், நாடியைப் பார்த்தார், பிறகு பெருமூச்சு விட்டார்.

"உங்களுக்கு நோய் எதுவும் இல்ல. கோளாறு கருவியில. நான் மனுஷங்களுக்குத்தான் டாக்டர்."

"நீங்கதானே சார் தண்ணி ஏத்துனீங்க? கொஞ்சம் எடுத்துவிடுங்களேன்."

"ஏத்தறது சிகிச்சை. எடுக்கறது பழுதுபார்ப்பு. அது பராமரிப்புப் பிரிவோட வேலை. நான் கை வெச்சா அவங்க சண்டைக்கு வருவாங்க."

பராமரிப்புப் பிரிவு கீழ்த்தளத்தில் இருந்தது. நாலு பக்கமும் உடைந்த தராசுகள், முள் இல்லாத எடை இயந்திரங்கள். அவற்றின் நடுவே பராமரிப்பு அலுவலர் தன் கிண்ணத்தில் எதையோ மென்றுகொண்டிருந்தார். மென்று முடிக்கும்வரை கண்காணிப்பாளர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பழுதா? கருவியை ஒப்படைங்க" என்றார் அலுவலர்.

"வயித்துக்குள்ள இருக்கு சார்."

"அப்ப அது பயன்பாட்டுல இருக்கு. பயன்பாட்டுல இருக்கற கருவியைப் பழுதுன்னு எப்படிச் சொல்றது?"

"தண்ணி கூட இறங்கல சார்."

"சரி, பதற்றப்படாதீங்க. முறையாப் பார்ப்போம். இந்தக் கருவியோட வேலை என்ன?"

"சாப்பாட்டைக் குறைக்கறது."

"இப்ப நீங்க சாப்பிடறீங்களா?"

"ஒரு வாய் இறங்க மாட்டேங்குது."

அலுவலரின் முகம் மலர்ந்தது. "அப்ப நூத்துக்கு நூறு வேலை செய்யுதே! இந்தக் கட்டடத்துலயே ஒழுங்கா வேலை செய்யற கருவி அது ஒண்ணுதான் சார். அதைப் போய் பழுதுங்கறீங்க."

"நான் செத்துருவேன் போலிருக்கு."

"அது வேற பிரிவு" என்றார் அலுவலர் இரக்கத்தோடு.

கடைசி நம்பிக்கையாக இயக்குநரிடம் ஓடினார். ஓடினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. சுவரைத் தடவித் தடவிப் போனார். இயக்குநர் அவரைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். கண்காணிப்பாளரின் சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியில் தன் கை முழுவதையும் விட்டுப் பார்த்தார்.

"அற்புதம்! இதுதான் நான் கேட்டது!"

"சார், தண்ணி இறங்கல..."

"அடக்கத்தைப் பாருங்க!" என்று உதவியாளர் பக்கம் திரும்பினார். "இவரை வெச்சு ஒரு விழா எடுக்கணும். பழைய எடை, புது எடை, பொதுமக்கள் முன்னாலயே நிறுத்துப் பார்ப்போம். குடும்பத்தோட வந்துருங்க."

"எனக்கு ஆஸ்பத்திரிக்கு..."

"விழா முடியட்டும். இந்த நேரத்துல ஆஸ்பத்திரி, அது இதுன்னு போனா ஜனங்க தப்பா நினைப்பாங்க."

கண்காணிப்பாளருக்கு அழுகை வந்தது. கண்ணீருக்கு உடம்பில் தண்ணீர் இல்லாததால் அது வெளியே தெரியவில்லை.

விழா துறையின் முற்றத்தில் நடந்தது. மூட்டை நிறுக்கிற பெரிய தராசுக்குப் பூ சுற்றியிருந்தார்கள். இயக்குநர் வெகுநேரம் பேசினார். சதை என்பது ஒருவகை ஊழல் என்றார். இரைப்பை என்பது அரசாங்கத்தை நம்பாத உறுப்பு என்றார். கூட்டம் கைதட்டியது. பிறகு கண்காணிப்பாளரைப் பேச அழைத்தார்கள். அவர் ஒலிபெருக்கி முன் வந்து வாயைத் திறந்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சத்தம் வரவில்லை.

"பேச்சு வரல பாருங்க, உணர்ச்சிவசப்பட்டுட்டார்" என்று இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டமும் துடைத்துக்கொண்டது.

முன்வரிசையில் இருந்த மனைவி மட்டும் எழுந்தாள். "அவருக்கு முடியலைங்க! முகத்தைப் பாருங்க!" என்று கத்தினாள். அதை வாழ்த்தொலி என்று நினைத்துக் கூட்டம் இன்னும் பலமாகத் தட்டியது.

கண்காணிப்பாளர் தராசுத் தட்டில் ஏறினார். ஏறியவர் அப்படியே மடங்கி விழுந்தார். தூக்குவதற்கு இரண்டு பேர் பாய்ந்தார்கள்.

"தொடாதீங்க!" என்று அலறினார் பராமரிப்பு அலுவலர். "முள் இன்னும் ஆடுது! நிற்கட்டும்!"

முள் நின்றது. எடையை உரக்க வாசித்தார்கள். அதன் பிறகுதான் அவரைத் தட்டிலிருந்து இறக்கினார்கள். துறை வரலாற்றிலேயே இவ்வளவு துல்லியமாக எடுத்த எடை வேறு கிடையாது.

மனைவி ஒரு வண்டியைப் பிடித்து வந்து நிறுத்தினாள். பராமரிப்பு அலுவலர் குறுக்கே வந்து, துறையின் கருவியை வெளி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அனுமதி இல்லை என்றார்.

"கருவியை நீங்களே வெச்சுக்கங்க. என் புருஷனை மட்டும் விடுங்க" என்றாள் அவள்.

அலுவலர் இதைப் பற்றி உண்மையிலேயே யோசிக்க ஆரம்பித்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் வண்டி போய்விட்டது.

அவசரப் பிரிவில் இருந்த பெண் மருத்துவர் எந்தப் பிரிவு, எந்தத் துறை என்று ஒன்றும் கேட்கவில்லை. சட்டையை விலக்கினார். விரலால் குமிழைத் தேடிப் பிடித்தார். ஊசியைக் குத்தி உப்புநீர் மொத்தத்தையும் உறிஞ்சி எடுத்தார். கை நரம்பில் சொட்டுச் சொட்டாகக் குளுக்கோஸ் ஏறியது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு ஸ்பூன் தண்ணீரை வாயில் விட்டார்கள். அது இறங்கியது. திரும்பி வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். வரவில்லை. கண்காணிப்பாளர் இன்னொரு ஸ்பூன் கேட்டார். இந்த முறை கண்ணீர் ஒழுங்காக வந்தது.

"பட்டை நழுவி வயித்தை நெரிச்சிருக்கு. இன்னும் ரெண்டொரு நாள் விட்டிருந்தா நெரிபட்ட இடம் அழுகியிருக்கும்" என்றார் மருத்துவர், எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டே. "பட்டை போடறதுல தப்பில்ல. தேவைப்பட்டவங்களுக்குப் போட்டு, கூடவே இருந்து பார்த்துக்கணும். தண்ணி இறங்கலன்னா அன்னிக்கே வரணும். ஏன் வரல?"

"வந்தேன் டாக்டர்" என்றார் கண்காணிப்பாளர். "எல்லா இடத்துக்கும் போனேன். இங்கதான் வரல."

மறுநாள் பட்டையை எடுத்துவிட்டார்கள். பராமரிப்பு அலுவலர் தகவல் அறிந்து ஒரு கண்ணாடிச் சீசாவுடன் வந்து சேர்ந்தார். பட்டையைக் கழுவச் சொல்லி, வெளிச்சத்தில் பிடித்து, வளைத்துப் பார்த்தார்.

"கருவியில கீறல் கூட இல்ல. நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார். "உங்க வயிறுதான் சார் சரியா ஒத்துழைக்கல. பரவாயில்ல, அடுத்த ஆளுக்கு ஆகும்."

மருத்துவர் அவரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக வெளியே அனுப்பினார். சீசாவை மட்டும் அவர் விடவில்லை.

பார்வையாளர் நேரத்தில் படுக்கையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. ஆபீஸ்காரர்கள், அடுத்த வீட்டுக்காரர்கள், மனைவி வழிச் சொந்தம், பக்கத்துப் படுக்கைக்காரரைப் பார்க்க வந்தவர்கள் என்று எல்லோரும். கண்காணிப்பாளர் தலையணையில் சாய்ந்துகொண்டு ஒன்று விடாமல் சொன்னார். ரொட்டி நின்றது, தண்ணீர் திரும்பியது, துறை மருத்துவர் கைவிரித்தது, தராசில் விழுந்தது, மயக்கத்திலும் முள் நிற்கட்டும் என்ற குரல் காதில் கேட்டது. "மறு ஜென்மம்ங்க. என் எதிரிக்குக்கூட இது வரக்கூடாது" என்று முடித்தார்.

"ஐயோ பாவம்" என்றார்கள். மனைவியின் தங்கை விம்மினாள். ஒருவர் துறையைத் திட்டினார். இன்னொருவர் இந்தக் காலத்தையே திட்டினார்.

பிறகு அடுத்த வீட்டு அம்மாள், அவருடைய ஒட்டிய கன்னத்தையே கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"ஆனாலும் ஆளு சின்னப் பையனாட்டம் ஆயிட்டீங்கண்ணே. மொதல்ல பட்டை போட்டாரே ஒரு டாக்டர், அவர் எங்க இருக்காரு?"

விம்மிக்கொண்டிருந்த தங்கை மூக்கைத் துடைத்துக்கொண்டு படுக்கையருகே வந்தாள். துறையைத் திட்டியவர் செல்போனை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார். பக்கத்துப் படுக்கைக்காரரின் ஆட்களும் நாற்காலியை நகர்த்திப் போட்டார்கள்.

ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது. அவள் கணவனைப் பார்த்தாள். கண்காணிப்பாளருக்கு நெஞ்சு கொதித்தது. எழுந்து உட்கார்ந்து இவர்கள் எல்லோரையும் அறையை விட்டு விரட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார். ஆனால் அவர் பிறந்ததிலிருந்து இத்தனை பேர், இத்தனை ஆவலோடு, அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றதில்லை.

"நல்ல டாக்டர்தான்" என்றார் அவர். "கூட்டம் ஜாஸ்தியா இருக்கும். என் பேரைச் சொல்லுங்க, உடனே பார்ப்பாரு."