வெள்ளைத் துணி சுற்றிய இரண்டு பலகைகள்

பிள்ளைகளே, கவனமில்லாமல் கெட்டுப்போனவர்களைப் பற்றி உங்கள் பாடப்புத்தகங்களில் நிறைய இருக்கிறது. கவனமாக இருந்தே கெட்டுப்போனவனைப் பற்றி ஒரு பாடம்கூட இல்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன் (அந்த எட்டையும் முழுசா படிச்சியான்னு கேக்காதீங்க). இருந்தாலும் அந்தக் குறையை நானே தீர்த்துவைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பின்தட்டு திறந்த நம் கெப் வண்டியின் பின்னால் ஒரு பழைய சிவப்பு மஃப்ளர் ஏன் எப்போதும் கட்டியிருக்கிறது என்று சின்னவன் கேட்டான். தாத்தாவைக் கொண்டுவந்த அன்றைக்கு, அழுதுகொண்டிருந்த அம்மா சொன்ன ஒரு வார்த்தைக்கு எல்லோரும் ஏன் சிரித்தீர்கள் என்று மூத்தவள் கேட்டாள். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்.

அப்போது மூத்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். சின்னவன் பிறக்கவில்லை. நான் வெளிநாட்டுக்கு டிரைவராகப் போக எல்லாம் முடிவாகியிருந்தது. பாஸ்போர்ட் டிரங்குப் பெட்டிக்குள் சேலைகளுக்கு மேலே கிடந்தது. அது கண்ணில் படக்கூடாது என்று உங்கள் அம்மா அந்தப் பெட்டியைத் திறப்பதையே விட்டுவிட்டாள். வெளியில் கிடந்த சேலையையே துவைத்துத் துவைத்துக் கட்டினாள். நான் இந்தக் கெப்பில் மரக்கறி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். அது வயிற்றுக்குப் போதவில்லை.

அந்த நேரத்தில்தான் அனீஸ் நானா கூப்பிட்டார். பதுளையில் கடையும், தெமோதரையில் வெள்ளைக்காரர்கள் தங்குகிற வீடும் வைத்திருந்தவர். அவருடைய வீட்டில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் அவள் புருஷனும் வந்து தங்கியிருந்தார்கள். பொத்துவில் கடலில் அலைமேல் சறுக்கி விளையாடுவதற்கு இரண்டு நீளப் பலகைகள் கொண்டுவந்திருந்தார்கள். அவர்கள் வேனில் முன்னால் போய்விட்டார்கள். பலகை வேனுக்குள் நுழையவில்லை.

“தம்பி, இந்தச் சாமான் அவங்களுக்குப் புள்ள மாதிரி” என்றார் நானா. “ஒரு கீறல் படாம பொத்துவில்ல சேத்துட்டியா, இந்த சீசன் முழுக்க என் வண்டி ஓட்டமெல்லாம் ஒனக்குத்தான். கீறல் பட்டுச்சோ, நீ போயி கோவா, கரட் மூட்டையே ஏத்து.”

சீசன் முழுக்க ஓட்டம் என்றால் நான் வெளிநாடு போக வேண்டாம். மூத்தவள் நடப்பதைக் கூடவே இருந்து பார்க்கலாம். அவ்வளவும் அந்த இரண்டு பலகையின் மேல் இருந்தது.

அதே நாளில் இன்னொரு வேலையும் இருந்தது. உங்கள் தாத்தா, அதாவது என் மாமனார், இழுப்பு அதிகமாகி பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தார். அன்றைக்கு டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று பேச்சு. காலையில் கெப்பை எடுக்கும்போது நமுனுகுலவில் எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி சொல்லிவிட்டுக் கிளம்பினேன்: “மாமாவைக் கொண்டாந்து சேக்காம வரமாட்டேன்!”

ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் இன்னும் வரவில்லை. மாமா கழுத்தில் சிவப்பு மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

“நீ போ மாப்ள, பலகையப் பாரு. டிக்கட் வெட்டுனா நான் பஸ்ல வந்துருவேன். நான் என்ன கீறல் படுற சாமானா?”

நான் தெமோதரைக்குப் போனேன். அங்கிருந்துதான் என் கவனம் ஆரம்பமாகிறது.

முதலில் கெப்பின் பின்தட்டில் சாக்குகளை விரித்தேன். பலகையின் மூக்கு நுனி மெல்லியது, இடிபட்டால் உடையும் என்று நானா சொன்னதால், நுனிக்குக் கீழே ஒரு தலையணை வைத்தேன். பலகையின் அடியில், வால் பக்கமாக, மீனுக்கு இருப்பதுபோல ஒரு செட்டை நிற்கும். அது கீழே இருந்தால் முறிந்துவிடும். அதனால் இரண்டு பலகையையும் கவிழ்த்து, செட்டை மேலே பார்க்கும்படி, கீழ்ப் பலகையின் வாலைச் சற்று வெளியே தள்ளி, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தேன். வெயில் பட்டால் பலகையில் பூசியிருக்கும் மெழுகு உருகும் என்பதால், தங்கும் வீட்டு வெள்ளைப் படுக்கை விரிப்புகளால் இரண்டையும் சேர்த்துச் சுற்றினேன். தலைமாட்டில் ஒரு கட்டு, நடுவில் ஒரு கட்டு, கால்மாட்டில் ஒரு கட்டு. (தலைமாடு, கால்மாடு என்று என் வாயாலேயே சொல்லிக்கொண்டு கட்டினேன். அப்பவும் புத்தி வரல.)

பலகை பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது. நீட்டிக்கொண்டிருக்கும் சாமானுக்குச் சிவப்புத் துணி கட்ட வேண்டும். எனக்கும் தெரியும். சிவப்பு கிடைக்கவில்லை. துணி என்றால் துணிதானே என்று விரிப்பின் ஓரத்தைக் கிழித்து ஒரு கம்பில் வெள்ளையாகக் கட்டிவிட்டேன். நம் பக்கம் வெள்ளைக் கொடி எதற்குக் கட்டுவார்கள் என்று பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

வழக்கம்போல சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தினேன். இரண்டு பக்கச் சிக்னலையும் மின்னவிட்டேன். வண்டி ஓட்டும்போது பேசக்கூடாது என்று போனை அணைத்து உள்ளே போட்டேன். நடந்து போகிறவர் முந்திவிடும் வேகத்தில் வண்டியை எடுத்தேன்.

எல்ல டவுன் தாண்டி மலைப்பாதையில் ஏறியதும் ஒரு ஓட்டோ பின்னால் வந்தது. ஹோன் அடிக்கவில்லை. முந்தவும் இல்லை. அதன் பின்னால் ஒரு லொறி. அதற்கும் பின்னால் ஒரு பஸ். பஸ்காரன்கூட முந்தவில்லை! நம் பாதையில் இப்படி ஒரு அதிசயம் நடந்ததில்லை. என் ஓட்டத்தைப் பார்த்துப் பழகிக்கொள்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரு கடை வாசலில் கரம் விளையாடிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். மதகில் உட்கார்ந்திருந்த ஒருவர் தொப்பியைக் கழற்றினார். நான் சிரித்த முகத்தோடு கையைக் காட்டினேன். மந்திரிமார் காட்டுவார்களே, அப்படி.

வழியிலிருக்கும் எங்கள் தேயிலை மலைக்கு வந்தபோது பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் கெப்பைக் கண்டதும் ஒவ்வொருவராகக் கூடையை இறக்கிவைத்துவிட்டு அப்படியே நின்றார்கள். அவர்களை மேய்க்கிற அண்ணாமலை கங்காணி வளைவுக்கு ஓடிவந்தார்.

“மாப்பிள்ள! என்னா இது?”

“பத்திரமா கொண்டாந்துட்டேங்க!” என்று நான் ஜன்னல் வழியாகக் கத்தினேன். இரண்டு கையையும் ஆட்ட முடியாதே என்று ஒரு கையை நன்றாக ஆட்டினேன். கங்காணி தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். வெயில் அதிகம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

லயத்தடியில் நிறுத்தி, மாமா பஸ்ஸில் வருவார் என்று உங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டு, ஒரு வாய் பிளேன்டீ குடித்துவிட்டுப் போகலாம் என்பது என் திட்டம். திரும்பினால், பாதையோரமெல்லாம் இழவு வீட்டு வெள்ளைக் கொடி. வருகிறவர்கள் உட்கார வாங்குகளை வெளியே இழுத்துப் போட்டிருந்தார்கள். ஒரு மூலையில் தீ மூட்டித் தப்பு மேளத்துக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தார்கள். காலையில் போகும்போது எல்லோரும் நன்றாகத்தானே இருந்தார்கள்?

இறங்கி, லயத்துத் தலைவரின் கையைப் பிடித்து மெதுவாகக் கேட்டேன்.

“யாருக்குங்க?”

தலைவர் என்னையே பார்த்தார். பிறகு இழுத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“மனச அடக்காதீங்க மாப்பிள்ள. கங்காணி போன்ல எல்லாஞ் சொன்னாரு. நீங்க சிரிச்சிக்கிட்டு வந்தீங்களாம். அழுதுருங்க. அழுகலன்னா புத்தி பெரண்டுரும்.”

அவர் சொன்ன தினுசில் எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. யாருக்கென்று தெரியாமல் அழுதேன்.

உங்கள் அம்மா தலைமுடி அவிழ்ந்து ஓடிவந்தாள். என்னிடம்தான் வருகிறாள் என்று கையை விரித்தேன். அவள் என்னைத் தாண்டிப் போய் கெப்பில் விழுந்தாள்.

“அப்பா! தனியா விட்டுட்டமேப்பா!”

கூடவே ஓடிவந்த பெண்களில் ஒருத்தி, துணிக்குள் நிமிர்ந்து நின்ற இரண்டு செட்டைகளையும் பிடித்துக்கொண்டு, “ஐயோ, காலு எப்புடி வெறச்சிப்போச்சு!” என்று கதறினாள்.

அப்போதுதான், பிள்ளைகளே, எனக்கு வெள்ளைத் துணி தெரிந்தது. தலையணை தெரிந்தது. மூன்று கட்டும், கொடியும், ஊதுபத்தியும் தெரிந்தது. நான் கையாட்டிக்கொண்டு வந்ததும் தெரிந்தது. அந்த நேரத்தில் ஒரு மனுஷன் என்ன சொல்ல வேண்டும்? ‘மாமா உயிரோடு இருக்கிறார்’ என்று சொல்ல வேண்டும். நான் சொன்னது இது:

“பத்மா, மெதுவா! கீறல் படும்!”

உங்கள் அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்றைக்கும் நான் மறக்கவில்லை.

“எங்கப்பா மேல கீறலா?”

“அது ஒங்கப்பா இல்ல, பலகை! வெள்ளக்காரங்க பலகை!”

யாரும் நம்பவில்லை. (புத்தி பெரண்டுருச்சுன்னு தலைவர் தலையை ஆட்டினாரு.) என்னைப் பிடித்துக்கொள்ள நான்கு பேர் வந்தார்கள். அந்த இழுபறியில்தான் என் பின்னால் ஊர்ந்து வந்த பஸ் வந்து நின்றது. அதிலிருந்து மருந்துப் பையோடு ஒருவர் இறங்கினார். கழுத்தில் சிவப்பு மஃப்ளர். கொடிகளைப் பார்த்தார், தப்பைப் பார்த்தார், கவலையோடு கேட்டார்.

“யாருக்குப்பா?”

தப்பு கையிலிருந்து விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. உங்கள் அம்மா ஓடிப்போய் அவர் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். தலைவர்தான் திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னார். மாமா கெப்பைச் சுற்றிவந்து வெள்ளைத் துணியைத் தொட்டுப் பார்த்தார்.

“முன்னால ஒரு கேதம் போகுதுன்னு கண்டக்டர் சொன்னான்” என்றார். “பாவம், எந்த மகராசனோன்னு பஸ்ல எந்திரிச்சு நின்னு கும்புட்டுக்கிட்டே வந்தேன். என்னையத்தானா கும்புட்டேன்?”

யாரோ சிரிக்க வாயைத் திறந்து மூடிக்கொண்டார்கள். மாமா, துக்கத்துக்கு வருகிறவர்களுக்காகப் போட்டிருந்த வாங்கில் போய் உட்கார்ந்தார். கொழுந்து மலையிலிருந்து பாதியில் இறங்கி வந்த பெண்களையும், ஓடிவந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த கங்காணியையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

“ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு, நான் போனா நாலு பேரு வருவாங்களான்னு நெனச்சேன்” என்றார். “வந்துருக்கீங்க.”

உங்கள் அம்மா அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து மாமாதான் என்னைக் கூப்பிட்டார்.

“என்ன மாப்ள நிக்கிற? பலகையப் பாரு. அந்த வேல போச்சுன்னா நீ கப்பலேறிருவ. அப்ப எம்மக நெசமாவே அழுவா.”

துணியை அவிழ்த்தேன். பலகையைத் தடவித் தடவிப் பார்த்தேன். கீறல் இல்லை. இழுபறியில் விரிப்பு விலகியிருந்த மூக்குப் பக்கத்தில் கொஞ்சம் குங்குமமும், கசிந்திருந்த மெழுகில் உங்கள் அம்மாவின் இரண்டு தலைமுடியும் ஒட்டியிருந்தன, அவ்வளவுதான். ஆனால் நான் போட்ட கயிறு, மூட்டைக்குப் போடுகிற மாதிரி இறுக்கிப் போட்ட கயிறு, இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் பலகையின் ஓரத்தை வெட்டியிருக்கும். பாடை கட்ட வந்திருந்தவர்கள் கயிற்றை அவிழ்த்து எறிந்துவிட்டு, தாங்கள் கொண்டுவந்த அகலத் துணிகளால் கட்டிக் கொடுத்தார்கள். செங்குத்துப் பாதையில் ஆளைத் தூக்கிப் போகிறவர்கள் போட்ட கட்டு அது. அசையவும் அசையாது, நெரிக்கவும் நெரிக்காது.

மாமா எழுந்து வந்து வெள்ளைக் கொடியைப் பிடுங்கினார். கழுத்திலிருந்த மஃப்ளரை அவிழ்த்துப் பலகையின் வாலில் தானே கட்டினார்.

“நான் இன்னும் இருக்கேன்ல. இதக் கட்டிக்கிட்டுப் போ.”

பொழுது சாய்வதற்குள் பொத்துவில் போய்ச் சேர்ந்தேன். வெள்ளைக்காரப் பெண் பலகையை மேலும் கீழும் தடவிப் பார்த்தாள். குங்குமத்தைத் தொட்டு, என்ன என்பதுபோல என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், “மை வைஃப், கிரை” என்றேன். அவள் என்ன புரிந்துகொண்டாளோ, என் கையைப் பிடித்து “சாரி” என்றாள்.

போனைத் திறந்தால் நானா கூப்பிடுகிறார். செய்தி எனக்கு முன்னமே பதுளைக்குப் போய்விட்டது. திட்டப்போகிறார் என்று போனைக் காதிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டேன்.

“கீறல் பட்டுச்சா?”

“இல்லீங்க நானா.”

“எப்புடிப் படும்? மையத்து வண்டின்னு நெனச்சா ஒருத்தனும் முந்த மாட்டான், ஒரச மாட்டான். ஒன்னவிட பத்திரமா எவன் கொண்டு போவான்? ஓட்டம் ஒனக்குத்தான் தம்பி. ஆனா வெள்ளத் துணி மட்டும் வேணாம்.” பிறகு சிரிக்கத் தொடங்கியவர், போனை வைக்கும்வரை நிறுத்தவில்லை.

நான் வீட்டுக்குத் திரும்பியபோது உங்கள் அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து நல்ல சேலை ஒன்றை எடுத்துக் கட்டியிருந்தாள். பாஸ்போர்ட் பெட்டியின் அடியில், பழைய சேலைகளுக்குக் கீழே போயிருந்தது.

அன்றிலிருந்து நான் பலகை ஏற்றிக்கொண்டு லயத்தைத் தாண்டினால், யாராவது ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு “யாருக்குங்க?” என்பார்கள். மாமா கெப்பில் ஏறினால் எப்போதும் முன்சீட்டில்தான். “பின்னாடி எடம் இருக்கட்டும் மாப்ள, அவசரமில்ல” என்பார்.

போன மழைக்காலத்தில் அவரைப் பின்னால்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. அதே ஆஸ்பத்திரி, அதே பாதை. மஃப்ளரை அவிழ்த்து உள்ளே வைத்தேன். வெள்ளைக் கொடியை நானே கட்டினேன். நீங்கள் இரண்டு பேரும் அம்மாவோடு பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். பின்னால் வந்த வண்டிகள் ஒன்றும் முந்தவில்லை. எங்கள் மலைக்கு வந்ததும் அம்மா கண்ணாடியில் தட்டினாள். அழுதுகொண்டேதான் சொன்னாள்.

“என்னங்க, இன்னைக்காவது கையக் காட்டாம ஓட்டுங்க.”

அதற்குத்தான் எல்லோரும் சிரித்தோம், மகளே. சிரித்துக்கொண்டே அழுதோம்.

நான் கையைக் காட்டவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அந்த வளைவில் அண்ணாமலை கங்காணி நின்றிருந்தார். வேலையை விட்டு நின்று வருஷங்கள் ஆகியும், தடியை ஊன்றிக்கொண்டு வந்து நின்றிருந்தார். கெப் பக்கத்தில் வந்ததும் கும்பிட்டார். பிறகு கையை உயர்த்தி, வண்டி வளைவைத் தாண்டும்வரை மெதுவாக ஆட்டிக்கொண்டே இருந்தார்.