எல்லா டாக்டர்களும் ஒப்புக்கொண்ட பட்டன்

ஒரே ஆளை இரண்டு டாக்டர்கள் பார்த்து இரண்டு நோய் சொல்வது ஒரு மருத்துவமனைக்கு அழகல்ல. இதில் யாருக்கும் இரண்டு கருத்து இருக்க முடியாது.

என் அண்ணனுக்குக் காதில் ஒரு குரல் கேட்கும். நெட்டை டாக்டர் "மனச்சிதைவு" என்று மாத்திரை கொடுப்பார். அண்ணன் தூங்குவான், வேலைக்குப் போவான். அடுத்த முறை கண்ணாடி டாக்டர் இருப்பார். "வெறும் மனச்சோர்வு" என்று மாத்திரையை நிறுத்துவார். குரல் திரும்ப வந்துவிடும். தங்கச்சி நான் சும்மா இருப்பேனா? கண்காணிப்பாளருக்குக் காரசாரமாகப் புகார் எழுதினேன்.

உடனே நம்பகத்தன்மைக் குழு அமைக்கப்பட்டது. கருத்து வேறுபாட்டுக்கு இடமளிக்கும் அறிகுறிகள் அனைத்தையும் நீக்குவது எனத் தீர்மானிக்கப்பட்டது. குரல் கேட்பது நீங்கியது. வீண் சந்தேகம் நீங்கியது. பேச்சுக் குழப்பத்தைப் பற்றிப் பேசும்போது குழுவின் பேச்சே குழம்பியதால் அதுவும் நீங்கியது. கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது: சட்டை பட்டன் அதனதன் காஜாவில் இருக்கிறதா? எல்லாக் கைகளும் உயர்ந்தன. கண் கலங்கினார்களாம்.

ஊரே மாறியது. தையற்காரர்கள் 'மருத்துவத் தரக் காஜா' என்று பலகை மாட்டினார்கள். மாப்பிள்ளை பார்க்கப் போனவர்கள் சம்பளத்தை விட்டுவிட்டுச் சட்டையைப் பார்த்தார்கள். பட்டனே இல்லாத பனியன் போட்ட இளைஞர்கள் 'முடிவு நிலுவையில்' என்று வகைப்படுத்தப்பட்டார்கள்.

மாத்திரை தீர்ந்ததும் அண்ணனை அழைத்துக்கொண்டு போனேன். இரண்டு டாக்டர்களும் ஒரே மேசையில், ஒரே சிரிப்பில் இருந்தார்கள்.

"டாக்டர், இவனுக்கு மறுபடியும் குரல் கேட்குது."

"பட்டன் சரியா இருக்கேம்மா," என்றார் நெட்டை.

"குரல் கேட்குதுன்னு சொல்றேன்!"

"குரல் எனக்குக் கேட்கல. பட்டன் தெரியுது. உங்களுக்கு, டாக்டர்?" என்று பக்கத்தில் திரும்பினார்.

"பளிச்சுன்னு தெரியுது!" என்றார் கண்ணாடி. இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

அண்ணன் மெதுவாகச் சொன்னான்: "சார், பட்டனைச் சரியாப் போடுன்னு அதட்டுறதே அந்தக் குரல்தான்."

"ரொம்பப் பொறுப்பான குரல்! அது சொல்றபடி கேளுங்க," என்றார் நெட்டை.

எனக்கு மண்டை கொதித்தது. நேரே கண்காணிப்பாளர் அறைக்குப் போனேன்.

"சார், எல்லாரும் சேர்ந்து தப்பாச் சொன்னா சரியாயிடுமா?"

"சரியா தப்பாங்கிறதை செல்லுபடித்தன்மைக் குழு பார்க்கும்மா."

"அது எங்க இருக்கு?"

"இன்னும் அமைக்கல. அமைக்கிறதுல கருத்தொற்றுமை வரல."

வெளியே வந்து அண்ணன் சட்டையைப் பிடித்தேன்.

"ஏய் வாயாடி, விடு! காதுல இருக்கிறவன் திட்டுவான்," என்றான்.

"திட்டட்டும். மாத்திரை வந்தா அவன் வாயை மூடிடலாம்."

ஒவ்வொரு பட்டனையும் ஒரு காஜா தள்ளிப் போட்டேன். ஒரு பக்கம் தூக்கி, ஒரு பக்கம் தொங்க, அண்ணனைத் திரும்ப உள்ளே தள்ளினேன்.

"மனச்சிதைவு!" என்றார்கள் இருவரும், ஒரே குரலில், ஒரே சுருதியில்.

கை நிறைய மாத்திரையோடு வெளியே வந்தோம். அண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நடைபாதையில் நின்று சுற்றிலும் பார்த்தான். வரிசையில் நின்றவர்கள், நர்ஸ், காவலாளி, கதவிடுக்கில் கண்காணிப்பாளர், எல்லாரும் குனிந்து குனிந்து தங்கள் பட்டனைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு ஒருத்தன் அதட்டுறான், சரி," என்றான் அண்ணன். "இவங்களுக்கெல்லாம் யாரு சொல்றா?"

பதிலுக்குப் பொரிந்து தள்ள வாயைத் திறந்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. சேலைக்கு மேல் மாட்டியிருந்த கோட்டின் முதல் பட்டனைத் தடவிக்கொண்டிருந்த என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.