தலைவரை நான் அத்திப்பள்ளிக்குக் கொண்டுபோன விதம்

கட்சியில் சேருவது சுலபம். தோளில் ஒரு துண்டு விழுந்தால் போதும். சேர்ந்த பிறகு, "நீ உண்மையான உறுப்பினர்தானா?" என்று கேட்பார்கள் பாருங்கள், அங்கேதான் தொல்லை. எதிர்க்கட்சிக்காரன் இந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டான். அவன் கண்ணுக்கு நாம் எல்லோரும் ஒரே ரகம்தான். கேட்பவன் எப்போதும் நம் பெஞ்சிலேயே நம்மை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன்தான்.

என்னைக் கேட்டவர் தையற்கடை முனுசாமி. ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. மொழிவாரியாக மாநிலங்களைப் பிரிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், ஓசூர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று டீக்கடைக்கு டீக்கடை எங்கள் ஊரைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் கட்சி தமிழுக்காக நின்ற கட்சி. ஓசூர் கிளைச் செயலாளராக இருந்தவருக்குப் பெங்களூரில் மில் வேலை கிடைத்து, எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். (போகிற அன்று மாலைகூடப் போட்டோம்.) காலியான பதவிக்கு இரண்டு பேர் ஆசைப்பட்டோம். ஒருவர் முனுசாமி. இன்னொருவன் திம்மராயன் என்கிற நான். அந்தப் பதவி கிடைக்காவிட்டால் உயிரோடு இருந்து என்ன பயன் என்று நினைக்கிற வயது எனக்கு.

என்னிடம் இருந்த ஒரே குறை, எங்கள் வீட்டில் பேசுவது கன்னடம். ஓசூரில் அதை யாரும் குறையாக நினைத்ததில்லை. கீரைக்காரியிடம் தெலுங்கில் பேரம் பேசி, அண்ணன் தம்பியோடு கன்னடத்தில் சண்டை போட்டு, தாசில்தாரிடம் தமிழில் மனு கொடுப்போம். ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு எப்போது தாவினோம் என்று எங்களுக்கே தெரியாது. முனுசாமி ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டவர். அவருக்குத் தெரிந்தது.

கிளைக் கூட்டத்தில் எழுந்து நின்றார். "திம்மராயன் நல்ல பையன்தான், நான் இல்லேங்கல. ஆனா வூட்ல கன்னடம் பேசிக்கினு வெளிய வந்து தமிழ் வாழ்கன்னு கத்துனா, அவன் எப்பிடிங்க நெசமான மெம்பரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பேசாமல் உட்கார்ந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. நான் துள்ளி எழுந்து, "இந்தக் கணம் முதல் என் வாயில் தமிழைத் தவிர வேறு மொழி வராது. உயிரே போனாலும் வராது!" என்றேன். கைதட்டினார்கள். கைதட்டல் காதில் விழுந்ததும் எனக்குப் போதவில்லை. "அதுவும் கொச்சைத் தமிழ் அல்ல, தூய தமிழ்!" என்று சேர்த்துக்கொண்டேன். (யாரும் கேட்கவில்லை. நானாகப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டது.)

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மனைவி நஞ்சம்மா ஆனேக்கல் பக்கத்துப் பெண். கன்னடம் தவிர எதுவும் தெரியாது. கூட்டம் முடிந்து வந்து உட்கார்ந்து, "உணவு படைப்பாயாக" என்றேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "ஏனாயித்து நிமகெ?" என்றாள், என்ன ஆயிற்று உங்களுக்கு என்று. கன்னடம் புரியாதவன்போல உத்தரத்தைப் பார்த்தேன். திம்மராயன் என்ற பெயரையும் தூய தமிழில் மாற்றிக்கொள்ளப் போவதாக அப்பாவிடம் அறிவித்தேன். அவர் செருப்பைத் தேடினார். அந்த ஒரு சீர்திருத்தத்தை மட்டும் ஒத்திவைத்தேன்.

அதற்குள் எல்லைக் கூட்டம் அறிவித்துவிட்டார்கள். ஜூஜுவாடியில், சாலையோரம் மேடை. அதைத் தாண்டிக் கொஞ்சம் போனால் மைசூர் ராஜ்யம் தொடங்கிவிடும். சேலத்திலிருந்து தலைவர் பஸ்ஸில் வருகிறார், ஓசூரிலிருந்து கொடி கட்டிய மாட்டுவண்டியில் அவரை அழைத்துப்போக வேண்டும், புதிய செயலாளர் யார் என்பதை மேடையில் அவரே சொல்வார் என்று ஏற்பாடு. மேடையும் வேட்டும் முனுசாமி பொறுப்பு. வண்டி என் பொறுப்பு.

வண்டிக்கு மாடு எங்களிடம் இருந்தது. அப்பா சமீபத்தில்தான் எல்லைக்கு அந்தப் பக்கத்து அத்திப்பள்ளி புட்டேகௌடரிடமிருந்து ஒரு ஜோடி ஹள்ளிகார் காளைகளை வாங்கியிருந்தார். நிமிர்ந்த கொம்பு, ஓட்டமென்றால் ஓட்டம். கௌடர் கயிற்றைத் தொடாமல் வாய்ச்சொல்லாலேயே ஓட்டிப் பழக்கிய மாடுகள். கயிற்றை இழுத்தால் அவற்றுக்குக் கோபம் வரும், தலையைத் தூக்கிக்கொண்டு இன்னும் வேகமாகப் போகும். அதுவரை அப்பாதான் ஓட்டிக்கொண்டிருந்தார், கன்னடத்தில்.

கூட்டத்தன்று வண்டி பூட்டும்போது நஞ்சம்மா வந்து நின்று, "தாளு அந்தரெ நில்தவெ" என்றாள். 'தாளு' என்று சொன்னால் நிற்கும், பொறு என்று அர்த்தம். மாடுகளோடு வளர்ந்தவள், பயந்துபோய்ச் சொன்னாள். நான் நிமிர்ந்து நின்று, "காளைகளும் தமிழ் கற்கும், கலங்காதே!" என்றேன். அவளுக்கு அதுவும் புரியவில்லை.

ஓசூரிலிருந்து ஜூஜுவாடி வரை ஒரு குறையும் இல்லை. மாட்டைக் கிளப்ப மொழி தேவையில்லை, வாலைத் தொட்டால் போதும். தலைவர் கனத்த உடம்புக்காரர். வைக்கோல் மேல் விரித்த ஜமுக்காளத்தில் சாய்ந்துகொண்டு, "ஒரு சாண் மண்ணையும் விட்டுத்தர மாட்டோம்னு இன்னைக்கு அழுத்திச் சொல்லணும்யா" என்றார். நான் பதவியை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேடை தெரிந்தது. கூட்டம் ஆரவாரித்தது. தலைவர் வண்டியிலேயே எழுந்து நின்று கைகூப்பினார். முனுசாமி தன் கையாலேயே அதிர்வேட்டுக்குத் தீ வைத்தார். காளைகள் இரண்டும் தரையை விட்டு எழும்பி இறங்கின. தலைவர் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தார் என்பது மரியாதைக்காகச் சொல்வது. மாலையோடு நின்றவர்கள் மாலையை நீட்டினார்கள், அதற்குள் நாங்கள் அவர்களைக் கடந்துவிட்டோம்.

"நிற்க!" என்றேன். காளைகள் கேட்கவில்லை. "நிற்பீர்களாக! அமைதி கொள்வீர்களாக!" என்று மரியாதை கூட்டிப் பார்த்தேன். கயிற்றை இழுத்தேன். அது போதும் அவற்றுக்கு. கண்ணெதிரே நேர்கோடாக அவை பிறந்து வளர்ந்த ஊருக்குப் போகிற சாலை.

பின்னாலிருந்து தலைவர், "மாட்டுக்கிட்ட ஏன்யா செய்யுள் சொல்ற? நிறுத்துய்யா!" என்றார்.

"இவை கௌடர் வீட்டுக் காளைகள் ஐயா. கன்னடம் மட்டுமே விளங்கும்."

"உனக்குக் கன்னடம் தெரியுமா?"

"தெரியும் ஐயா. ஆனால் பேசமாட்டேன்."

"பேசுய்யா!"

அந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. முனுசாமி சேலத்துக்கு என்னைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும், இது பரீட்சை என்று நினைத்தேன். வண்டிச்சட்டத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, துண்டு பறக்க, உயிருக்கு ஆபத்தான நேரத்திலும் ஒரு தொண்டனின் உறுதியைச் சோதிக்கிறாரே, இப்படி ஒரு தலைவர் யாருக்குக் கிடைப்பார் என்று எனக்குக் கண் கலங்கியது. "உயிரே போனாலும் பேசமாட்டேன் ஐயா!" என்று முழங்கினேன்.

"போறது என் உயிருய்யா!" என்று அவரும் முழங்கினார். "கட்சி சார்பில உத்தரவு போடறேன். கன்னடம் பேசு!"

"மன்னிக்க வேண்டும் ஐயா."

"சரி, அந்த வார்த்தையையாவது எங்கிட்ட சொல்லு. நான் பேசிக்கறேன்."

சொன்னால் அது பேசியதாகத்தானே ஆகும்? வாயை இறுக மூடிக்கொண்டேன். எல்லைக்கல் போயிற்று. ஒரு சாண் மண்ணும் தர மாட்டேன் என்று சொல்ல வந்தவரை நான் முழுசாக மைசூர் ராஜ்யத்துக்குள் கொண்டுபோய்விட்டேன். அந்தப் பக்கத்துப் போலீஸ்காரர் கொடியையும் தோரணத்தையும் பார்த்து, கல்யாண வண்டி என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்.

காளைகள் அத்திப்பள்ளியில், கௌடர் வீட்டுத் தொட்டி முன்னால் தாமாகவே நின்று தண்ணீர் குடித்தன. கௌடர் வெளியே வந்து முதலில் மாடுகளைத் தடவிக்கொடுத்து நலம் விசாரித்தார். பிறகுதான் எங்களைப் பார்த்தார். என்னிடம் கன்னடத்தில் என்னவோ கேட்டார். நான் வானத்தைப் பார்த்தேன். அவர் தலைவரின் துண்டைப் பார்த்துவிட்டு, நல்ல தமிழிலேயே பேசினார்.

"உள்ள வாங்க சாமி. மொதல்ல மோர் குடிங்க, நடுங்கறீங்களே." என்னிடம் திரும்பினார். "ஏம்பா திம்மராயா, வாயி கட்டிப்போச்சா? தாளுன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு உனக்கு என்னாத்துக்கு இவ்ளோ ரோசம்?"

"தாளு" என்று தலைவர் மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். மோரைக் குடித்துவிட்டு மறுபடியும் சொல்லிப் பார்த்தார்.

திரும்பும்போது கௌடரே ஓட்டினார். என்னைப் பின்னால் வைக்கோலில் உட்காரவைத்தார்கள். ஜூஜுவாடியில் பாதிக் கூட்டம் இன்னும் காத்திருந்தது. வேட்டின் திரியோடு முனுசாமி மறுபடி ஓடிவந்தார். அதைக் கண்ட தலைவர், கௌடர் வாய் திறப்பதற்குள் எழுந்து நின்று, "தாளப்பா! தாளு! தாளு!" என்று தொண்டை கிழியக் கத்தினார். காளைகள் மேடைக்கு நேரே சட்டென்று நின்றன. எல்லைக் கூட்டத்தில் மக்கள் கேட்ட தலைவரின் முதல் முழக்கம் அதுதான்.

மேடையில் அவர் அதிகம் பேசவில்லை. இறங்கி வந்ததும் முனுசாமி என்னைக் காட்டி, "பாத்தீங்களா ஐயா, நான் அன்னைக்கே சொன்னன்" என்றார்.

"நெசமான உறுப்பினர் இவன்தான்யா" என்றார் தலைவர். நான் துண்டைச் சரிசெய்துகொண்டேன். "அதுல சந்தேகமே இல்ல. சாகற வரைக்கும் கொள்கைய விடமாட்டான். கூட இருக்கறவனையும் சாகடிச்சிருவான். அதனால செயலாளரா நீ இரு."

வீட்டுக்கு நடந்தே போனேன். நஞ்சம்மா வாசலில் நின்று என்னவென்று கேட்டாள். அவளிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? கன்னடத்தில் ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தேன். கதை எல்லைக்கல்லைத் தாண்டும்போது அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். மோருக்கு வரும்போது தரையில் உட்கார்ந்துவிட்டாள். கல்யாணமாகி அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவ்வளவு நாளாக அவளோடு பேசாமல் இருந்தேனே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவள் பிற்பாடு தமிழ் கற்றுக்கொண்டதே, வீட்டுக்கு வருகிற கட்சிக்காரர்களுக்கு இந்தக் கதையை நேராகச் சொல்லத்தான் என்பது என் சந்தேகம். வருகிறவர்கள் கட்சியில் எனக்கு என்ன பொறுப்பு என்று கேட்டால், நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து குரல் வரும்: "செயலாளரும் இல்ல, பொருளாளரும் இல்ல. நெசமான மெம்பரு." எங்கள் வீட்டில் அது ஒரு வியாதியின் பெயராகவே ஆகிவிட்டது. மழைக்காலத்தில் கொல்லைக் கதவு ஊறிப்போய்த் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தால், பிள்ளைகள் சமையலறையைப் பார்த்துக் கத்துவார்கள்: "அம்மா, கதவு இன்னைக்கு நெசமான மெம்பரு!"