பாதுகாக்கப்பட்ட கிடங்கு

நெடுங்கரை நாட்டில் ஆற்றோரமாகப் பழைய கல்கிடங்கு ஒன்று இருந்தது. அந்த நாட்டில் யாரும் விதைநெல்லை வீட்டில் வைப்பதில்லை. வயிறு காய்ந்தால் விதையையும் உலையில் போட்டுவிடுவோம் என்று தங்களைப் பற்றி அவர்களுக்கு நன்றாகவே தெரியும். அதனால் அறுப்பு முடிந்ததும் ஊர் விதை முழுக்கக் கிடங்குக்குப் போய்விடும். முதல் மழை விழுந்த அன்று, யாரும் கேட்காமலே கதவு திறக்கும். சீனியம்மாவின் விதையும் அங்கேதான் இருந்தது. அதையும் ஒரு துண்டு வயலையும் விட்டால் அவளுக்கு வேறு கதி இல்லை.

ஒருநாள் மன்னர் மக்களின் விருப்பத்தைக் கேட்டார். ஜனநாயகத்தில் அவருக்கு அத்தனை பிடிப்பு. கிடங்கு என்றென்றைக்கும் பாதுகாக்கப்பட வேண்டுமா, வேண்டும் என்போர் கை தூக்கலாம் என்றார்கள். வேண்டாமென்று எவர் சொல்வார்? முதலில் உயர்ந்தது சீனியம்மாவின் கைதான்.

மறுநாளே பாதுகாப்பு தொடங்கியது. ஓடுகள் இறங்கின, கண்ணாடிக் கூரை ஏறியது. மூட்டைகள் அடுக்கியிருந்த இடத்தில் நகைக்கடையும் சென்ட் கடையும் ஐஸ்கிரீம் கடையும் வந்தன. பழமை கெடக்கூடாது என்பதில் பாரம்பரியத் துறை அமைச்சர் கண்டிப்பானவர். ஆகவே விதைநெல்லை எறியாமல், கண்ணாடித் தூண்களில் நிரப்பி வாசலில் அழகுக்கு நிறுத்தினார். செருப்பில்லாதவர்கள் உள்ளே வரக்கூடாது என்று ஓர் ஆணை. நெல்லை நின்று பார்த்தால் கட்டணம் என்று இன்னோர் ஆணை.

ஆடியில் மழை கொட்டியது. வெறுங்காலோடு வந்த சீனியம்மாவைக் காவலாளி உள்ளே விடவில்லை. அமைச்சர் வரும்வரை நனைந்துகொண்டே நின்றாள்.

"மழை வந்துருச்சுங்க ஐயா. எங்க விதையைக் குடுத்துருங்க. இப்ப விதைக்கலேன்னா வருசமே போச்சு."

"பாதுகாக்கச் சொன்னவர்களே நீங்கள்தானே, அம்மா? மக்கள் தீர்ப்பை மீற எனக்கேது அதிகாரம்?" என்றார் அமைச்சர். அவர் குரல் உண்மையிலேயே தழுதழுத்தது.

ஆனால் மன்னர் இளகிய மனசுக்காரர். விழா எடுத்து, தூண்களைத் திறந்து, ஆளுக்கொரு பை நெல்லைத் தம் கையாலேயே வழங்கினார். ஊரே கண்கலங்கிக் கும்பிட்டது.

சீனியம்மா நெல்லை ஊறவைத்து, சாக்கில் கட்டி, வைக்கோல் போட்டு மூடினாள். பிரித்தபோது ஒரு மணிகூட முளைவிடவில்லை. நெல் மட்டும் பளபளத்தது. கண்ணாடிக்குள் எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று அத்தனைக்கும் வார்னிஷ் பூசியிருந்தார்கள். ஈரம் காயாத வயலின் வரப்பில் உட்கார்ந்து அவள் அழுதாள். அவளைத் தேற்ற யாரும் வரவில்லை. எல்லா வரப்பிலும் அதே அழுகைதான்.

வயல்கள் தரிசாகக் கிடப்பதைப் பொறுக்கமாட்டாமல் அமைச்சர் ஊருக்கே வந்துவிட்டார்.

"இந்த வயல்கள் என்றென்றைக்கும் பாதுகாக்கப்பட வேண்டுமா?"

பக்கத்து வயல்காரன் ஒச்சப்பனின் கை பழக்கத்தில் மேலே போனது. சீனியம்மா எட்டி அதைப் பிடித்தாள்.

"தூக்காதய்யா."

அமைச்சர் நிறைவோடு எழுத்தரிடம் திரும்பினார்.

"அங்கே இரண்டு கை. எழுதிக்கொள்."