மதிப்பெண் சித்தரின் மஞ்சள் தாம்பாளம்

முதலியார்பேட்டைக் கல்யாண மண்டபத்தில் அன்று கல்யாணம் எதுவும் இல்லை. ஆனாலும் வாசலில் செருப்பு விட இடமில்லை. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரம். மதிப்பெண் சித்தர் எழுந்தருளியிருந்தார். பிள்ளை எந்தப் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்ந்தால் டாக்டர் சீட்டு கிடைக்கும் என்பதைச் சீருடையை வைத்தே சொல்லிவிடுவாராம். பேனரில் வெள்ளைக் கோட்டுப் போட்ட பிள்ளைகள் வரிசையாகச் சிரித்தார்கள். அவர்கள் யார், எந்த ஊர் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. கோட்டு வெள்ளையாக இருக்கிறது, அது போதாதா?

வரிசையில் செந்தமிழ்ச்செல்வி தன் மகள் சிந்துஜாவோடு நின்றிருந்தாள். செந்தமிழ்ச்செல்வி என்பது, பகுத்தறிவுக் கூட்டம் ஒன்றுவிடாமல் போய்வந்த மில் தொழிலாளியான அவள் அப்பா ஆசையாக வைத்த பெயர். அவள் அந்தப் பெயரை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டாள். அவள் கைப்பையில் சிந்துஜாவின் அரசுப் பள்ளிச் சட்டை இருந்தது. சோப்பு போடாமல் வெறும் தண்ணீரில் அலசிக் கொண்டுவர வேண்டும் என்பது சித்தரின் கட்டளை. அப்படியே அலசியிருந்தாள்.

"மா, நான் இங்கயே படிச்சாதான் கவர்மென்ட் ஸ்கூல் புள்ளைங்களுக்குன்னு ஒதுக்குற மெடிக்கல் சீட்டு கெடைக்கும். டி.சி. வாங்கிட்டா அது போச்சும்மா."

"வாய மூடுடி. ஓசி ஸ்கூல்ல படிச்சு எவ டாக்டரா ஆயிருக்கா? சாமி வேணாம்னு சொல்லிட்டா நாளைக்குக் காலையிலயே டி.சி. வாங்கிடுவேன்."

சிந்துஜாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து அதே அரசுப் பள்ளியில் படித்துச் சேர்த்த உரிமை. அதைத் தாம்பாளத் தண்ணீர் தீர்மானிக்கப் போகிறது.

மேடையில் நடுநாயகமாகச் சித்தர். இடப்பக்கம் சிஷ்யன் புருஷோத்தமன், வாய் நிறைய வெற்றிலை. வலப்பக்கம் 'வெற்றிக்கடல் குளோபல் அகாடமி' என்ற தனியார் பள்ளியின் அட்மிஷன் மேஜை. சித்தருக்கும் பள்ளிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லையாம். மேஜை தானாகவே நடந்து வந்திருக்கும் போல.

முறை இதுதான். புதுத் தாம்பாளத்தில் மஞ்சள் கரைத்த தண்ணீர். அரசுப் பள்ளிச் சட்டையைப் புருஷோத்தமன் வாங்கி அதில் முக்குவான். தண்ணீர் ரத்தமாகச் சிவக்கும். "பள்ளி தோஷம்!" என்று சித்தர் கண்ணை மூடுவார். பிறகு அகாடமியின் டை ஒன்றைத் தம் திருக்கரத்தாலேயே அடுத்த தாம்பாளத்தில் முக்குவார். மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். பெற்றோர் கன்னத்தில் போட்டுக்கொண்டு வலப்பக்க மேஜைக்கு நகர்வார்கள்.

அரசுப் பள்ளி வாத்தியார் ஒருவரும் வந்திருந்தார். அவர் மகன் ஏற்கெனவே அகாடமியில்தான் படிக்கிறான். சரியான இடம்தானா என்று ஒரு தரம் உறுதி செய்துகொள்ள வந்தாராம். அவன் சட்டையைச் சித்தரே முக்கினார். தண்ணீர் நிறம் மாறவில்லை. வாத்தியார் பூரித்துப்போனார்.

சிந்துஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷோத்தமனையே பார்த்தாள். ஒவ்வொரு சட்டைக்கும் முன்னால் அவன் டப்பியைத் திறந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு எடுத்தான். விரலைத் துடைக்கவில்லை. பக்தர்கள் சேவையில் அவனுக்கு ஏது நேரம்?

அவர்கள் முறை வந்தது. புருஷோத்தமன் கையை நீட்டினான். சிந்துஜா அம்மாவின் கையிலிருந்து சட்டையைப் பிடுங்கித் தானே தாம்பாளத்தில் முக்கினாள். அலசினாள். பிழிந்தாள். தண்ணீர் மஞ்சளாகவே கிடந்தது.

"சாமி, எங்க ஸ்கூல் சட்டை செவக்கலையே?"

சித்தர் லேசுப்பட்டவரா? "கன்னிப் பொண்ணு கை பட்டதும் தோஷம் வெலகிடுச்சு."

"அப்ப உங்க டைய இந்த அண்ணன் முக்கட்டும்."

புருஷோத்தமன் கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அதற்குள் செந்தமிழ்ச்செல்வி பார்த்துவிட்டாள். விரல் நுனியில் வெள்ளை.

தெருவில் எந்தக் கல்யாணம் என்றாலும் ஆலாத்தி கரைக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். போன மாதம் இதே மண்டப வாசலில் கரைத்தாள். மஞ்சள் தண்ணீர், துளி சுண்ணாம்பு, அவ்வளவுதான், சிவந்துவிடும். இதைத் தெரிந்துவைத்துக்கொண்டுதானா பெற்ற மகளின் படிப்பில் மண்ணைப் போடப் பார்த்தேன் என்று அவளுக்கு அவமானமாக இருந்தது. அந்த அவமானம் அப்படியே கோபமாக மாறியது.

"கையக் காட்டுய்யா!"

"வெத்தல போட்ட கைம்மா, எச்சி..."

அவள் மேடையேறி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அகாடமி டையை அந்தக் கையில் திணித்து, யாரும் தொடாத தாம்பாளத்தில் சேர்த்து அமுக்கினாள். அகாடமிக்கும் தோஷம் பிடித்தது. தண்ணீர் செக்கச்செவேலென்று ஆனது.

"அடிப்பாவி, இது நம்ம ஆலாத்தித் தண்ணி!" என்று பின்வரிசையில் ஒரு பெண் கத்தினாள்.

"சோப்பு பட்டாலும் மஞ்சள் செவக்கும்மா," என்றாள் சிந்துஜா. "ஏழாங் கிளாஸ்லயே செஞ்சு பாத்துருக்கோம். சோப்பு இருந்தா அவங்க ஸ்கூல் சட்டையும் செவந்துடும். அதான் சோப்பு போடாதன்னு சொல்லியிருக்காரு."

சித்தர் சமையற்கட்டு வழியாக மறைந்தார். அட்மிஷன் மேஜையும் பின்னாலேயே போனது. சம்பந்தம் இல்லாத மேஜை. வாத்தியார் தம் மகனின் சட்டையை மடித்துக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் வெளியேறினார்.

"நாளைக்கு ஸ்கூலுக்குப் போறோம்," என்று செந்தமிழ்ச்செல்வி மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "டி.சி.க்கு இல்லடி. பிளஸ் ஒன் சேக்கறதுக்கு."

படியிறங்கும்போது பிரெஞ்சு பென்ஷன் வாங்குவதால் தெருவே 'முசியே' என்று மரியாதையாகக் கூப்பிடும் பெரியவர் ஒருவர் பேரனின் சட்டையோடு வழிமறித்தார். முகத்தில் கவலை.

"ஏம்மா, இவரு டாக்டர் சீட்டுக்குத்தானே பொய்யி? என்ஜினீயரிங் சீட்டுக்குச் சரியா சொல்லுவாரில்ல?"

செந்தமிழ்ச்செல்வி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"முசியே, அதுக்கும் இதே மஞ்சள், இதே சுண்ணாம்புதான். வூட்டுல நீங்களே ஒரு தரம் கரைச்சுப் பாருங்க. அப்புறமாவும் கும்பிடணும்னு தோணுச்சுன்னா, பேரன இல்ல, உங்களத்தான் மறுபடியும் ஏழாங் கிளாஸ்ல போடணும்."